நெடுந்தீவில் மாட்டுப் பண்ணை போட்டுப் பிழைக்கலாமா?

கேள்வி | 26.02.2024 | ரொறன்ரோவில் இருந்து ஒரு வாசகர்

அப்பாவின் ஊர் நெடுந்தீவு, யாழ்ப்பாணத்துக் கரைக்கு அப்பால் உள்ள தீவு. சின்ன வயதில் ஒரு தரம் வந்ததோடு சரி. இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். காணி மலிவு, புல் சும்மா கிடக்கிறது, படகு இலவசம், வாழ்க்கைச் செலவு குறைவு, பாலுக்கு எப்போதும் விலை உண்டு. இருபது மாடு, ஒரு சின்ன வீடு. ஐந்து வருடத்தில் போட்ட காசு திரும்பும் என்கிறேன். முடியாது என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

மாவிலிக் கடைக்காரன் | 27.02.2024

முடியாது. காரணத்தோடு சொல்கிறேன். நெடுந்தீவில் பிறந்து, கிளிநொச்சியில் வேலை பார்த்து, திரும்பி வந்து மாவிலி இறங்குதுறையில் இருந்து உள்ளே போகிற வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவன் நான்.

"வாழ்க்கைச் செலவு குறைவு" என்றதை முதலில் பிடிக்கிறேன். படகில் ஆளுக்குக் காசில்லை, உண்மைதான். குமுதினியும் வடதாரகையும் இலவசமாகத்தான் ஓடுகின்றன. ஆள் தின்கிற சாமானுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு மூடை கோதுமை மாவை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து மொத்தக் கடையில் லொறி ஏறும். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு எல்லாம் கடந்து, படகு புறப்படுகிற குறிகட்டுவான் துறையில் இறங்கும். அங்கே ஒருவர் தோளில் சுமந்து வந்து படகில் நிற்பவரின் கையில் கொடுப்பார். பிறகு ஒரு மணி நேரக் கடல். மாவிலியில் இன்னொரு தோள், அப்புறம் லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டி, அப்புறம் என் கடை வாசல். தொட்ட கைக்கெல்லாம் கூலி. சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பிய நாள் என்றால் கடல் தண்ணீர் தெறித்து மூடையின் ஒரு பக்கம் கட்டிபட்டிருக்கும். அந்தக் கட்டியைச் சுரண்டி எறிந்துவிட்டு மிச்சத்தை நிறுப்பேன். எறிந்ததையும் விலையில்தான் போடுவேன், வேறு எங்கே போடுவது?

சீமெந்து, ஓடு, பள்ளிக்கூடக் கொப்பி, மருந்து எல்லாவற்றுக்கும் இதே பாதைதான்.

இதைவிட மோசமானது எதிர்ப்பக்கக் கணக்கு. இங்கிருந்து நண்டும் கருவாடும் நெய்யும் போகும்போது அந்தக் கூலியை வாங்குகிறவர் கொடுப்பதில்லை. எங்கள் விலையில் கழித்துக்கொள்வார். ஆக வருகிற சாமானுக்கும் நாங்களே கட்டுகிறோம், போகிற சாமானுக்கும் நாங்களே கட்டுகிறோம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நெடுந்தீவின் மிச்சப் பிரச்சினைகள் பாதி விளங்கிவிடும்.

28.02.2024

காணி. தம்பி, நீங்கள் கனடாக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவர் என்றால் "வாங்குகிறேன்" என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் தடை இல்லை. அப்பாவின் பங்கு முதுசமாக, அதாவது பரம்பரைச் சொத்தாக வந்தால் அது வேறு கதை.

அந்த வேறு கதையும் லேசுப்பட்டதில்லை. காணி உறுதிப் பத்திரத்தைத் தேடி எடுத்தால் அதில் அப்பப்பாவின் பெயர் இருக்கும். அவருக்கு ஒரு வீடு நிறையப் பிள்ளைகள். ஒருவர் பிரான்ஸ், ஒருவர் வட்டக்கச்சி, ஒருவரின் பிள்ளைகள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. இது யாழ்ப்பாணம், இங்கே தேசவழமை. ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் எடுத்த வழமை இன்றைக்கும் சட்டம். பங்குக்காரனுக்கு முதலில் கேட்கும் உரிமை உண்டு. அதற்கென்றே 1947 இல் தனிச் சட்டம் போட்டார்கள். பங்குக்காரருக்கு அறிவிக்காமல் வெளியாளுக்கு விற்றால் வழக்கு வரும். பரப்புக் கணக்கில் பார்த்தால் காணி மலிவுதான். கையெழுத்துப் போட வேண்டியவர்களுக்கு விமானச் சீட்டு எடுத்துக் கொடுக்கிற காசுக்குக் கொழும்பிலேயே வாங்கலாம்.

பிறகு வேலி. ஊரைச் சுற்றிப் படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் எடுக்கிற அந்தக் கல்வேலி, பவளப்பாறைக் கல்லைச் சாந்து ஒன்றும் வைக்காமல் அடுக்கினது. ஆள் இருக்கிற காணியில் ஒரு கல் விழுந்தால் அன்றைக்கே யாராவது எடுத்து வைப்பார்கள். ஆள் இல்லாத காணியில் ஒரு கல் விழும், அந்த இடைவெளிக்குள் ஆடு ஏறும், ஆடு ஏற இன்னும் நாலு விழும். இரண்டு மாரி போனால் வேலி நிலத்தோடு நிலம். திரும்ப அடுக்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் கேட்கிற நாட்கூலி நியாயம்தான், ஆனால் உங்கள் ஐந்து வருடக் கணக்கில் அது இல்லை.

02.03.2024

மின்சாரம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார் ஒருவர். இருக்கிறது. டீசல் இயந்திரத்தில் ஓடுகிறது. டீசலும் படகில்தான் வரவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கொழும்பில் ஒரு அலகுக்கு என்ன கட்டணமோ அதேதான் எங்களுக்கும். இந்த ஒரு விஷயத்தில் கடல் எங்களைத் தண்டிக்கவில்லை. நட்டத்தை மின்சார சபை தாங்குகிறது.

நேற்று புதுச் செய்தி வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சேர்த்து சூரிய ஒளி 1,700 கிலோவாற்று, காற்றாலை 530 கிலோவாற்று, 2,400 கிலோவாற்று மணி மின்கலம், ஆபத்துக்கு உதவ 2,500 கிலோவாற்று டீசல். இந்தியாவின் நன்கொடையில் செய்யப்போவதாக ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2021 இல் இதே வேலை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் ஒரு சீனக் கம்பனிக்குப் போனது. இந்தியா முகம் சுளித்தது. அது நின்றது. அப்புறம் 2022 இல் இந்தியாவோடு உடன்பாடு. இப்போது 2024. ஐயாயிரம் பேரும் இல்லாத ஊருக்கு விளக்கு ஏற்ற இரண்டு வல்லரசுகள் சண்டை பிடித்தால் எங்கள் மதிப்பு உயர்ந்துவிட்டது என்று கடைக்கு வந்த ஒரு ஐயா சொல்லிவிட்டு, அரை இறாத்தல் சீனி கடன் கேட்டார்.

எழுவைதீவில் இதே மாதிரிக் கலப்பு முறை ஒன்றை முதலே போட்டு ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே நடக்காது என்று சொல்ல மாட்டேன்.

05.03.2024

இனி மாடு. எங்கள் அண்ணன் மாடு வைத்திருக்கிறார், அவர் சொன்னதும் நான் பார்த்ததும்.

மாரியில், அதாவது ஐப்பசியில் இருந்து தை வரை, நீங்கள் நினைக்கிற நெடுந்தீவு உண்மையாகவே இருக்கும். மேற்கே வெட்டவெளி முழுக்கப் பச்சை. மாடும் ஆடும் குதிரையும் ஒன்றாக மேயும். வைகாசிக்குப் பிறகு வந்து பாருங்கள். மண் மெல்லியது, கீழே சுண்ணக்கல். மழை பெய்தால் இறங்கிப் போய்விடும். ஆனி ஆடியில் புல் வேரோடு காய்ந்து, காற்று அடித்தால் புழுதி. அப்போது அண்ணன் விடிய எழும்பிப் பனையோலை வெட்டிக்கொண்டு வருவார். ஈர்க்கைக் களைந்து, ஓலையை விரலால் நார்நாராகக் கிழித்து மாட்டுக்கு முன்னால் போட வேண்டும். கிழிக்காமல் போட்டால் மாடு முகர்ந்துவிட்டு உங்களைப் பார்க்கும். ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்குத் தேவையான ஓலையைக் கிழித்து முடிப்பதற்குள் கை எரியும். இருபது மாடு என்கிறீர்கள்.

ஊர் மாடு சின்னது, பால் குறைவு. ஆனால் காய்ந்த காலத்தைத் தாங்கும். நல்லினம் என்று ஒருவர் மறுகரையில் இருந்து இரண்டு ஏற்றி வந்தார். பெரிய மாடு, நல்ல மடி. உவர்த் தண்ணீரையும் ஓலையையும் பார்த்து இரண்டும் மெலிந்துபோய், கடைசியில் விற்றுவிட்டார். அவற்றைப் படகில் ஏற்றின கதையைத் தனி இழையில்தான் எழுத வேண்டும்.

பால் விலை? பாலாகவே மறுகரைக்குப் போய்ச் சேருவது அருமை. கறந்து, சேர்த்து, துறைக்குக் கொண்டுபோவதற்குள் வெயில் ஏறிவிடும். ஆகவே தயிராக்கு, மோராக்கு, நெய்யாக உருக்கு. நெடுந்தீவு நெய்க்கு நல்ல பெயர் உண்டு. கழுவின சாராயப் போத்தலில் அடைத்து யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரருக்குக் கொடுத்து விடுவார்கள். காசுக்கு விற்பது பாதி, கொடுத்து விடுவது பாதி. இதில் கடனை எப்படிக் கட்டுவது?

05.03.2024, இரவு

திரும்ப வாசித்தேன். கொஞ்சம் கடுமையாக எழுதியிருக்கிறேன். ஐந்தாறு மாடும், கொஞ்சம் ஆடும், பனையும், கடலில் இருந்து ஏதோவும் என்று கலந்து செய்கிற வீடுகள் இங்கே நன்றாகவே இருக்கின்றன. ஒன்றை மட்டும் நம்பி முதல் போட்டவர்தான் அடிபடுகிறார். தம்பியின் கணக்கில் மாடு மட்டும்தான் இருக்கிறது.

11.03.2024

தண்ணீரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. குழாய் உள்ள நாட்டில் இருந்து எழுதுகிறீர்கள்.

தீவின் அடியில் மழைத் தண்ணீர் மெல்லிய படையாகக் கடல் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. அளவாக அள்ளினால் நல்ல தண்ணீர். மோட்டார் போட்டு இழுத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வந்துவிடும், பிறகு அந்தக் கிணறு அவ்வளவுதான். சாராப்பிட்டிப் பக்கம் நல்ல கிணறுகள் இருக்கின்றன. மேற்கே போகப் போக உவர். சுத்திகரிப்பு ஆலை வந்த பிறகு குடிதண்ணீர்க் கஷ்டம் குறைந்திருக்கிறது. பவுசர், அதாவது தண்ணீர் வண்டி வரும், வாளியோடு நிற்கலாம். ஆனால் அது மனுசருக்குக் குடிக்க. இருபது மாடு ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும் என்று அங்கே யாரிடமாவது கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

24.03.2024

பாரிஸில் இருக்கிற அக்கா ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். நான் ஊரை மட்டம் தட்டுகிறேனாம், போன வருடம் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது ஊர் செழிப்பாக இருந்ததாம், புது வீடுகள் கண்டாராம்.

அக்கா, திருவிழாவுக்கு வந்தால் எந்த ஊரும் செழிப்புத்தான். அந்தப் புது வீடுகளில் எத்தனை வீட்டில் இரவு விளக்கு எரிந்தது என்று பார்த்தீர்களா? வெளிநாட்டுக் காசு இங்கே கோயில், மதில், மாபிள் நிலம் என்று இறங்குகிறது. வேலை நடக்கிற அந்தச் சில மாதம் மேசனுக்கும் எனக்கும் நல்ல வியாபாரம், மறைக்கவில்லை. பிறகு பூட்டு. பக்கத்துப் புங்குடுதீவைப் பாருங்கள், 1990–91 இல் சனம் எழும்பிப் போன பிறகு மாடி வீடுகளுக்குள் ஆலமரம் வளர்ந்து நின்றதை எல்லாரும் கண்டோம். அது யுத்தம்.

இப்போது யுத்தம் இல்லாமலே வெறுமையாகிறது. அதற்குக் காரணம் பள்ளிக்கூடம். பிள்ளை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பாஸ் பண்ணினால் யாழ்ப்பாணம். சாதாரணதரம் நன்றாகச் செய்து உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படிக்க வேண்டும் என்றால் யாழ்ப்பாணம். பிள்ளையைத் தனியே விட முடியாது என்று அம்மா போவார். இரண்டு அடுப்புக்குச் செலவு தாங்காமல் அப்பாவும் போவார். கெட்டிக்காரப் பிள்ளை இருக்கிற வீடுதான் முதலில் பூட்டுகிறது, அக்கா. கணக்கில் மொக்கான பிள்ளைகளைப் பெற்ற என்னைப் போன்றவர்கள் ஊரைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறோம்.

ஆசிரியர்களைக் குறை சொல்லாதீர்கள். அதிகஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்தி அனுப்புகிறார்கள். காலையில் குறிகட்டுவானுக்கு பஸ், அங்கிருந்து படகு. வந்து சேரும்போதே பாதி வாந்தி. பின்னேரப் படகைத் தவற விட்டால் இரவு இங்கே. நாங்கள் சாப்பாடு கொடுப்போம், பாய் கொடுப்போம், ஆனால் அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

16.04.2024

இராமநாதபுரம் பக்கத்து நண்பர் ஒருவர் இந்த இழையில் புகுந்து, "உங்கள் கடற்படை எங்கள் ஆட்களைப் பிடிப்பதை எழுதுங்கள்" என்கிறார். எழுதலாம். நேற்றுத்தான் அங்கே 61 நாள் தடைக்காலம் தொடங்கியது, ஜூன் 14 வரை. எங்களுக்கு அது வருடத்தில் நிம்மதியாக வலை போடுகிற காலம்.

மற்ற மாதங்களில் எப்படி என்றால், இராமேஸ்வரத்து இழுவைப் படகுகள் வாரத்தில் மூன்று நாள் வரும். சனி, திங்கள், புதன் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த இரவுகளில் நெடுந்தீவான் நண்டு வலை போட மாட்டான். போட்டால் விடிய மிதப்பு மட்டும் கிடைக்கும். என் மச்சான் ஒரு முறை துணிந்து போட்டுவிட்டு விடிய இரண்டு முழ வலைத் துண்டோடு வந்தார். அதைக் கடை வாசலில் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி குடித்தார். வலை கடனுக்கு எடுத்தது. கடன் கொடுத்த முதலாளிக்கே நண்டையும் கொடுக்க வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு.

இழுவை மடியை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடை செய்தது. கடலுக்குச் சட்டம் தெரிய வேண்டுமே.

நண்பரே, அங்கே படகில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் கூலிக்காரர், படகு அவர்களுடையது இல்லை. அதுவும் எங்களுக்குத் தெரியும். பெப்ரவரியில் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு இம்முறை உங்கள் ஆட்கள் வரவில்லை. கைதுகளைக் கண்டித்துப் புறக்கணித்தார்கள். மற்ற வருடங்களில் அங்கே ஒரே பூசையில் இரண்டு கரையும் முழந்தாளிட்டு நிற்கும், பிறகு பெட்டி திறந்து சாமான் மாற்றிக்கொள்ளும். என் மனைவியிடம் இன்னும் அங்கே வாங்கின சேலை ஒன்று இருக்கிறது.

மண்ணெண்ணெயையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்குப் போனது. அதற்கு முன்னாலேயே கிடைக்கவில்லை, அது வேறு. கரையில் பைபர் படகுகள் வரிசையாகக் கவிழ்த்துக் கிடந்தன. அந்த மாதங்களில் என் கடன் கொப்பி இரண்டாவது கொப்பிக்குத் தாவியது. அதில் சில பக்கங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. கேட்கப் போவதில்லை.

17.04.2024

கடலட்டை வளர்க்கலாமே என்று ஒருவர். தீவகத்தின் ஆழம் குறைந்த கரைகளில் வேலி அடித்து வளர்க்கிறார்கள், சீனாவுக்குப் போகிறது, விலை உண்டு. எதிர்ப்பும் உண்டு. கரையில் இருந்து கால்நடையாகப் போய் வலை வீசுகிறவனுக்கு, இறால் கூடு வைக்கிறவனுக்கு, அந்த வேலி நேற்று வரை எல்லாருடையதுமாக இருந்த கடலில் போட்ட மதில். பண்ணை ஊர்ச் சங்கத்தின் கையில் இருந்தால் நான் ஆதரவு. வெளியூர்க்காரர் அனுமதித் தாளோடு வந்து இறங்கினால் இல்லை.

15.05.2024

இன்றைக்குக் கடை பூட்டு. 1985 இல் இதே நாள் குமுதினியில் குறிகட்டுவானுக்குப் போனவர்களை நடுக்கடலில் மறித்துக் கடற்படையினர் வெட்டினார்கள். பெண்கள், குழந்தைகள், அரசாங்க உத்தியோகத்தர்கள், சந்தைக்குப் போனவர்கள். துறையடியில் நினைவுகூர்ந்துவிட்டு வந்தோம்.

வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார், அந்தப் படகிலா இன்னமும் ஏறுகிறீர்கள் என்று. பழுது பார்த்து அதையேதான் ஓட்டினார்கள். வேறு படகு எங்கே இருந்தது?

03.06.2024

சுற்றுலா. இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன், ஆனால் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

சனி ஞாயிறு படகில் இடமில்லை. பெருக்கமரம், புறாக்கூடு, ஒல்லாந்தர் கோட்டை, வளருகிற கல், பெரிய பாதச் சுவடு, குதிரை. காலைப் படகில் வருவார்கள், ஓட்டோவோ பிக்கப்போ பிடித்து ஒரு சுற்று, பின்னேரப் படகில் போய்விடுவார்கள். ஓட்டோக்காரருக்கு நல்லது. எனக்குத் தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கட்டும் போகும், வெறும் போத்தலை என் வாசலிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். சாப்பாட்டைப் பலர் கொழும்பில் இருந்தே கட்டிக்கொண்டு வருகிறார்கள். சனிக்கிழமை மருந்து எடுக்கப் போன அம்மா திரும்பி வர இடமில்லாமல் குறிகட்டுவானில் நின்ற கதையும் உண்டு.

அந்தக் கோபத்தில் ஒரு காலத்தில் நான் வெளியாட்களுக்குப் படகில் காசு அறவிட வேண்டும், அந்தக் காசில் இன்னொரு படகு ஓட்ட வேண்டும் என்று கூட்டங்களில் பேசித் திரிந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். காசு அறவிடத் தொடங்கினால் முதலில் வெளியாள், அடுத்த வருடம் ஊராள், அதற்கடுத்த வருடம் தனியாருக்கு ஏலம். 2017 இல் நெடுந்தாரகை என்று புதுப் படகு ஒன்று கொண்டுவந்து விழா வைத்தார்கள், நானும் மாலைக்குக் காசு கொடுத்தேன். படகு வாங்குவது ஒரு நாள் காரியம். எண்ணெய் ஊற்றுவது, ஓட்டுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது, துரு தட்டிப் பூசுவது தினசரிக் காரியம். விழாவுக்கு வந்தவர்கள் யாரும் அதற்கு வரமாட்டார்கள்.

தங்கி நிற்க வந்தால் வேறு மாதிரி. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஒரு கிழமை நின்றார்கள். என் அக்கா சமைத்துக் கொடுத்தார். ஒடியல் கூழ் குடித்துவிட்டு அந்த மனுசி மூக்கைச் சிந்திச் சிந்தி இன்னொரு கோப்பை கேட்டா. அக்காவுக்கு அந்தக் கிழமை கிடைத்த காசு, பாய் பின்னி விற்று இரண்டு மாதத்தில் எடுக்கிற காசு. ஆகவே சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்பவனில்லை நான்.

02.08.2024

நேற்று விடியற்புறம் நெடுந்தீவுக் கடலில் கடற்படைப் படகு மோதி இராமேஸ்வரத்துப் படகு ஒன்று கவிழ்ந்து ஒருவர் இறந்துவிட்டார். இராமநாதபுரத்து நண்பர் இரண்டு வரி மட்டும் எழுதியிருக்கிறார். வலை அறுந்த கோபம் எங்களுக்கு உண்டு. ஒரு ஆள் சாகும் அளவுக்கு எந்த வலைக்கும் விலை இல்லை. இதைப் பற்றி இங்கே சண்டை பிடிக்க வருகிறவர்கள் வேறு இழைக்குப் போங்கள்.

20.08.2024

ஆவணி, மழை இல்லை. குதிரைகள் தண்ணீர்த் தொட்டியடியில் நிற்கும் படங்களைப் போட்டு "ஐயோ பாவம், ஊர்க்காரர் என்ன செய்கிறார்கள்" என்று ஒருவர். ஊர்க்காரர் தங்கள் மாட்டுக்குத் தண்ணீர் தேடுகிறார்கள் ஐயா.

குதிரைகள் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்ட வழி என்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பு நிலையம் நடத்தினான். அவர்கள் போனார்கள், குதிரை நின்றுவிட்டது. 2015 இல் 1,846 ஹெக்டேயரைத் தேசியப் பூங்கா என்று வர்த்தமானியில் போட்டார்கள். தீவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஊர் மாடு பரம்பரையாக மேய்ந்த தரவையும் இந்தப் பக்கம்தான். குதிரை செத்தால் பத்திரிகையில் வரும். மாடு செத்தால் அண்ணன் ஆள் பிடித்துக் குழி வெட்ட வேண்டும், அவ்வளவுதான். குதிரைக்குத் தண்ணீர் வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை. அதே தொட்டியை இன்னும் இரண்டு இடத்தில் கட்டினால் மாடும் குடிக்கும்.

தம்பிக்கு: நீங்கள் குறிப்பிட்ட "சும்மா கிடக்கிற புல்" அந்தப் பக்கத்துப் புல்தான்.

29.08.2024

ஆஸ்பத்திரி எப்படி என்று கேட்ட தங்கச்சிக்கு. ஆஸ்பத்திரி உண்டு. காய்ச்சல், காயம், பிரஷர் மருந்து, எல்லாம் பார்ப்பார்கள். பெரிய வருத்தம் என்றால் கடல் கடக்க வேண்டும். பகல் என்றால் படகு. இரவு என்றால் கடற்படையிடம் சொல்லி அவர்களுடைய படகில் ஏற்ற வேண்டும். வருவார்கள், அதையும் சொல்ல வேண்டும். காற்று நாளில் நெஞ்சு வலிக்காரரை நாற்காலியோடு தூக்கிப் படகில் இறக்குவதை ஒரு தரம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அலை படகை மேலே தூக்குகிற நேரம் பார்த்துக் கையை விட வேண்டும்.

பிள்ளைத்தாய்ச்சிகள் நாள் நெருங்க முன்னமே யாழ்ப்பாணம் போய் யார் வீட்டிலாவது நிற்பார்கள். அந்தச் செலவையும் எந்தக் கணக்கிலும் ஒருவரும் எழுதுவதில்லை. அதனால் ஊர்ப் பிள்ளைகள் பலரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

22.09.2024

நேற்று சனாதிபதித் தேர்தல். நானும் போட்டேன். எங்கள் வாக்குப் பெட்டியை ஹெலிகொப்டரில் ஏற்றிப் போகிற தேர்தல்களை இந்த ஊர் கண்டிருக்கிறது. இந்தத் தடவை வாக்கு நிலையத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, "பெட்டிக்குள்ளே என்னையும் வைச்சு அனுப்புங்கோ, கண் கிளினிக்குக்குத் திகதி தந்திருக்கினம்" என்றா. பொலிஸ்காரருக்குத் தமிழ் விளங்கவில்லை, நாங்கள் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

போன வருடம் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணம் வந்தபோதும் இவவின் பெயர் விடுபட்டது. மேன்முறையீடு இணையத்தில் போட வேண்டும் என்றார்கள். என் மகன் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி மதிலுக்கு மேல் ஏறி நின்று போட்டான். கிடைத்தது. இதை எழுதக் காரணம், உதவித் திட்டம் இல்லை என்று ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். இருக்கிறது, வந்து சேருவதுதான் பாடு.

06.10.2024

ரொறன்ரோத் தம்பி திரும்ப வந்திருக்கிறார். மாட்டை விட்டுவிட்டாராம். இப்போது "படகில் முதலிடலாமா, குளிர்பெட்டி வைத்த சரக்குப் படகு ஒன்று" என்று கேட்கிறார்.

இதுதான் முதல் தடவையாக என்னை எழும்பி உட்கார வைத்த கேள்வி. வடிவாக யோசித்துவிட்டு எழுதுகிறேன். இப்போதைக்கு மூன்று விஷயம். ஒன்று, காற்றுக் காலத்தில் எத்தனை நாள் ஓடாது என்பதைத் துறையில் நிற்கும் வயதானவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், படகு விற்கிறவனிடம் கேட்காதீர்கள். இரண்டு, நண்டையும் மீனையும் முதலாளியின் கடனில் இருந்து யார் விடுவிப்பது? வலைக்கு முன்பணம் கொடுத்தவன் இருக்கிற வரை உங்கள் குளிர்பெட்டியில் போட ஒருவரிடமும் மீன் இராது. ஆகவே படகுக்கு முதல், கடற்றொழிலாளர் சங்கத்தோடு பேசுங்கள். மூன்று, திரும்பி வருகிற படகில் மாவும் சீமெந்தும் ஏற்றுங்கள். போகும்போது மீன், வரும்போது சாமான் என்றால் கூலி பாதியாகும். நான் முதல் வாடிக்கை, முன்பணம் தரமாட்டேன்.

07.10.2024

பாரிஸ் அக்கா, கருவாடு கேட்டிருந்தீர்கள். சீலாவும் பாரையும் இருக்கிறது. மாரி தொடங்கினால் காயாது, ஆகவே இந்த மாதத்துக்குள் சொல்லுங்கள். ஒடியல் இப்போது இல்லை. கிழங்கு கிண்டி, கிழித்து, காய்ந்து வர பங்குனியாகும். போத்தல் நெய் அனுப்ப மாட்டேன், போன முறை விமான நிலையத்தில் உடைந்து யாரோ ஒருவரின் கோட் சூட்டுக்கு நான் பேச்சு வாங்கினேன்.